கரண்ட் டப்பா

உப்பளங்கள் முடிந்து சவுக்குத் தோப்பு தொடங்கும் இடத்தில் செருப்பு அறுந்தது. சாலையோரத்தில் விட்டுவிட்டு நடந்தேன். வீட்டை விட்டுக் கிளம்பி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாண்டிச்சேரிப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே எனக்கு யாரையும் தெரியாது. அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களை விட்டு இப்படி நடந்திருக்கிறேன், முதல் நடை அதுதான். எனக்குப் பதினைந்து வயது. காரணம், என் அக்கா கட்டிக்கொண்டிருந்த ஒரு பழங்காலத்துக் கம்ப்யூட்டர்.

அக்கா பாலிடெக்னிக்கில் படித்தாள். நான் எட்டாவதோடு நிறுத்திவிட்டு அப்பாவோடு உப்பளத்துக்குப் போனேன். கிணற்றிலிருந்து பாத்திகளுக்கு உப்புத் தண்ணீர் இறைக்கும் ஆயில் இன்ஜின் என் பொறுப்பு. எனக்கு அதில் பெருமை உண்டு. மாலையில் வீட்டுக்கு வந்ததும் அப்பா என்னிடம்தான் இன்ஜினைப் பற்றிப் பேசுவார். பிறகு ஒருநாள் அக்கா, கல்லூரி லேபில் கழித்துப்போட்ட ஒரு போர்டைத் துணியில் சுற்றி எடுத்துவந்தாள். டிவி பெட்டியில் எழுத்து காட்டிய அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரைத் தானே திரும்பக் கட்டி ஓடவிடப்போவதாகச் சொன்னாள். அன்றிலிருந்து அப்பா கை கால் கழுவியதும் நேராக அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். இன்ஜின் பேச்சு நின்றுபோனது.

போர்டு தயாரானது. அதற்குக் கரண்ட் கொடுக்கும் டப்பாதான் பாக்கி. அக்கா செல்போன் சார்ஜர்களைச் சேர்த்துக் கட்டிப் பார்த்தாள், சரிப்படவில்லை. இதில் முந்திக்கொள்ள வேண்டும் என்று எனக்கு வெறி வந்தது. மரக்காணம் பழைய இரும்புக் கடையில் நான்கு நாள் சாயங்காலம் மூட்டை தூக்கி, கூலிக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய ஒரு டப்பாவை வாங்கிவந்தேன். உள்ளே சின்ன ஃபேன்கூட இருந்தது.

அக்கா அதன் ஒயர்களை விரித்துப் பார்த்தாள்.

“இதுல வெள்ளை ஒயரு இல்லடா. மைனஸ் அஞ்சு வோல்ட் வராது.”

“அஞ்சு வருதுல்ல?”

“அஞ்சு வேற, மைனஸ் அஞ்சு வேறடா, மண்டு. இந்தப் பழைய மெமரி சில்லுக்குப் பன்னெண்டு, அஞ்சு, மைனஸ் அஞ்சு மூணும் வேணும். மைனஸ் அஞ்சு இல்லாம பன்னெண்டு ஏறிச்சுன்னா மொத்தமும் போயிடும். எட்டுச் சில்லுதான் இருக்குது. வேற கிடைக்காது.”

எனக்குப் பாதிதான் புரிந்தது. என் டப்பா வேண்டாம் என்பது முழுதாகப் புரிந்தது.

மறுநாள் அப்பா வேலையைப் போட்டுவிட்டு, அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு குயிலாப்பாளையம் போனார். வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன சாமான்களை விற்கும் கடை ஒன்று அங்கே இருந்தது. டிரான்ஸ்ஃபார்மர் வைத்த இரும்பு டப்பா ஒன்றைக் கொண்டுவந்தார்கள். மூன்று கரண்டும் அதில் வரும். அப்பா அதைக் கையில் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

“உப்புன்னா கனத்தை நம்பமாட்டேன், ஈரம் இருக்கும். இது இரும்பு. நம்பலாம் இல்லம்மா?”

“நம்பலாம்ப்பா,” என்று அக்கா சிரித்தாள். இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். நான் என் டப்பாவை எடுத்து மூலையில் போட்டேன்.

இரண்டு நாள் அந்த டப்பா அப்பாவோடு உப்பளத்துக்கு வந்தது. கூட வேலை செய்கிறவர்களிடம் “பொண்ணு கம்ப்யூட்டர் கட்டுறா” என்று காட்டத்தான். கொட்டகையில் கிடந்து அதன் மேல் வெள்ளையாக உப்புப் படிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் உப்புக்காற்று பட்ட எதையும் அப்படியே வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டோம். மண்வெட்டியோ, சைக்கிளோ, இன்ஜின் மூடியோ, நல்ல தண்ணீரில் அலசி வெயிலில் காயவைத்தால்தான் துருப்பிடிக்காது. அப்பாவும் அதைத்தான் செய்தார். குடத்து நல்ல தண்ணீரை டப்பாவின் மேல் ஊற்றி, குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் நான்கு பக்கமும் திருப்பித் திருப்பிக் கழுவினார். துண்டால் துடைத்து வரப்பில் வெயிலுக்கு வைத்தார்.

நான் இன்ஜினுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கம்பிச் சுருளுக்குள் போன ஈரம் வெயிலில் லேசில் போகாது என்று எனக்குத் தெரியும். மழையில் நனைந்த மோட்டார் புகைந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கழுவு, நன்றாகக் கழுவு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா சுவிட்சைப் போட்டாள். டிவியில் ஒரு வரி எழுத்து வந்தது. அவள் கை தட்டுவதற்குள் டப்பா உறுமி, கரிந்த நாற்றத்தோடு புகைந்தது. சுவிட்சை அணைத்து, மூடியைக் கழற்றினாள். அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. அந்த எட்டுச் சில்லுகளையும் தொட்டுப் பார்த்தாள். சில கொதித்தன.

“யாருடா இதுல தண்ணி ஊத்துனது?”

கேள்வி பொதுவாகத்தான் இருந்தது. ஆனால் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

“வேற யாரு? இவன்தான்,” என்றாள் அம்மா. “அவ எதைத் தொட்டாலும் உனக்கு வயிறு எரியுதே, ஏன்டா?”

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆமா, நான்தான் ஊத்துனேன்,” என்றேன், கண்ணை அவரிடமிருந்து எடுக்காமல். இல்லை என்று அவர் சொல்வதற்காகத்தான் அப்படிச் சொன்னேன். அவர் வாயைத் திறந்தார். அக்கா அழ ஆரம்பித்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அங்கே எனக்கு வேலை இல்லை என்று தோன்றியது. கிளம்பிவிட்டேன்.

அன்று ராத்திரி கூனிமேடு கடற்கரையில் கவிழ்த்து வைத்த படகின் அடியில் படுத்து எழுந்தேன். காலையில் மீனுக்கு ஐஸ் போடும் பாய் ஒருவரிடம் வேலை கேட்டேன்.

“கை விறைச்சிடும்பா. தாங்குவியா?”

“உப்புல வேலை செஞ்ச கைங்க.”

கொக்கியையும் கட்டையையும் கொடுத்தார். ஐஸைப் பாளம் பாளமாக இழுத்து உடைக்க வேண்டும். எட்டு மணிக்கு ஒரு லாரி வந்து நின்றது. டிரைவர் எங்கள் ஊர்க்காரர்.

“டேய், நீ இங்கயா இருக்க? விடியறதுக்கு முன்னால இருந்து உங்கப்பா ஒவ்வொரு வண்டியா நிறுத்தி உன்னைக் கேட்டுனு இருக்காரு.”

“எதுக்காம்?”

“இன்ஜின் ஸ்டார்ட் ஆவலையாம். நீ வந்தாதான் ஆவுமாம்.” பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, “ஆனா நான் வர்றப்ப அங்க இன்ஜின் ஓடுற சத்தம் கேட்டுச்சே,” என்றார்.

அந்த வயதில் நான் முதல் பாதியை மட்டும்தான் காதில் வாங்கினேன்.

“மெக்கானிக்கைக் கூப்பிட்டுக்கச் சொல்லுங்க,” என்று சொல்லிவிட்டு அடுத்த பாளத்தைக் கொக்கியில் மாட்டி இழுத்தேன். அன்று மதியத்துக்குள் பதினோரு பாளம் உடைத்தேன்.