சிவப்புக் கோடு போட்ட சாப்பாடு

மலாக்கா பக்கம் அலோர் காஜாவில் புதிதாக ஒரு காப்பிக் கடை திறந்திருக்கிறார்கள். போன வாரம் மகள் கூட்டிக்கொண்டு போனாள். பலகையில் 'கஃபே' என்று ஆங்கிலத்தில் எழுதி, கடைசி எழுத்தின் தலையில் சாய்வாக ஒரு சிவப்புக் கோடு. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"என்னாப்பா? பிரெஞ்சு வார்த்த லா அது. எப்படிச் சொல்லணும்னு காட்டறதுக்குக் கோடு. அவ்ளோதான்."

எனக்கும் இப்போது தெரியும்தான். ஆனால் உள்ளேயிருந்து வெண்ணெய் உருகும் வாசம் வந்தது பாருங்கள், கால் நகரவில்லை.

மலாக்கா டவுனில் நான் முதலில் வேலை பார்த்த ஹோட்டலில் அதே வாசம் அடிக்கும். படிவம் மூன்றோடு படிப்பை விட்டவனுக்குச் சலவைப் பகுதி கிடைத்தது. இஸ்திரி போட்ட மேசைத் துணிகளைத் தூக்கிக்கொண்டு ஆபீசைத் தாண்டும்போது மேனேஜரைப் பார்ப்பேன். மெனுவை டைப் அடித்து முடித்ததும் சிவப்புப் பேனாவை எடுப்பார். சில வார்த்தைகளின் தலையில் மட்டும் ஒரு கீறல் போடுவார். டைப்ரைட்டரில் அந்தக் கோடு கிடையாது, அதனால்தான் கையால் போட்டார் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அப்போது எனக்கு ஒரே சந்தேகம். ஏன் சிலதுக்கு மட்டும்?

ரெம்பியா பக்கம் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். அங்கே வேலையை மேற்பார்வை பார்க்கும் மண்டோர் ஒரு பால்மரத்தில் சிவப்புச் சாயம் அடித்துவிட்டுப் போனால், அது நோய் பிடித்த மரம், கத்தி வைக்கக் கூடாது. அப்பா அந்தச் சாயத்தைப் பார்த்துப் பார்த்தே மரம் சீவியவர். முருக பக்தர். மாட்டிறைச்சி அவர் வாயில் பட்டதே இல்லை. அது வெந்த சட்டியில் வேறெதை ஆக்கினாலும் தொடமாட்டார்.

வருடத்துக்கு ஒரு முறை வேலைக்காரர் குடும்பங்களுக்கு ஹோட்டலில் விருந்து. அப்பா நெற்றி நிறையத் திருநீறோடு வந்து உட்கார்ந்தார். மெனுவைப் பார்த்ததும் முகம் மாறியது.

"செவப்பு போட்டிருக்கான் பாத்தியா. மாடுதான். தொடாதேங்கறான்."

"எனக்கும் அப்படித்தாம்பா படுது."

கோடு போட்டதெல்லாம் பிரெஞ்சுப் பெயர் வைத்த மசித்த உருளைக்கிழங்கும் வதக்கிய பீன்சும் என்று யார் கண்டது! கோடே இல்லாத, வாயில் நுழையாத ஒரு பெயரைத் தேடிப் பிடித்துக் காட்டினோம். 'ஸ்ட்ரோகனாஃப்'. வெண்ணெய் மணக்க வந்தது. அப்பா கண்ணை மூடி "முருகா" என்று சொல்லிக் கரண்டியை எடுத்தார்.

பரிமாறிக்கொண்டிருந்த ஜோசபின் என்கிற அக்கா பாய்ந்து வந்து தட்டை இழுத்தார். கோலா சுங்கை பாரு ஊர்க்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர்.

"மாமா! நெத்தியில பட்டையப் போட்டுக்கிட்டு மாட்டத் திங்கப் போறீங்களா?"

அப்பாவின் கரண்டி கீழே விழுந்தது. என் பக்கம் முகத்தைத் திருப்பி, "ஒதட்டுல பட்டுச்சாடா?" என்றார்.

"படலப்பா."

"நல்லாப் பாரு."

கைக்குட்டையால் உதட்டைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். சிவப்புக் கோட்டைப் பற்றி நான் சொன்னதும் அக்கா சிரித்துவிட்டார். "ஒங்க மண்டோரா இங்க மெனு எழுதறான்?" உள்ளே போய் வீட்டிலிருந்து தனக்குக் கொண்டுவந்த சோற்றையும் மீன் குழம்பையும் எடுத்து வந்து வைத்தார்.

அப்பா தொடவில்லை. நேராகவே கேட்டார்.

"தாயி, ஒங்க வூட்டுச் சட்டியில..."

எனக்கு மானம் போயிற்று. அக்கா கோபப்படவில்லை.

"மாடு ஆக்கற சட்டி வேற மாமா. இது மீன் சட்டி. சோத்து மேல சத்தியம்."

அப்பா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து, குழம்பை ஊற்றிப் பிசைந்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். கேட்டதற்காகக் கூச்சப்பட்டது நான்தான், அவர்கள் இருவரும் இல்லை.

தோட்டத்தை வெட்டி வீடு கட்டிவிட்டார்கள். அப்பா போய்ச் சேர்ந்தார். ஜோசபின் அக்கா தன் மகனோடு ஜொகூர் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. இப்போது கடைகளில் மேசையில் ஒட்டியிருக்கும் கறுப்புக் கட்டத்துக்கு நேரே போனைப் பிடித்தால் அதில் சாப்பாட்டுப் படங்கள் வருகின்றன. விரலால் தொட்டால் தட்டு வந்துவிடுகிறது. எந்தச் சட்டியில் ஆக்கியது என்று யார் முகத்தைப் பார்த்துக் கேட்பது? மகள் என்னென்னவோ வாங்கிச் சாப்பிட்டாள். நான் பாலில்லாத ஒரு கோப்பி ஓ மட்டும் குடித்துவிட்டு வந்தேன்.