மெஷினுக்கு வைத்தியம்

தையல் மெஷினின் மிதி கனத்தபோது நான் மெஷினைத்தான் திட்டினேன். எண்ணெய் விட்டேன், பெல்ட்டை மாற்றினேன். வேப்பந்தட்டையில் என் கடைக்கு வருகிறவர்களிடம், பிளவுஸ் தாமதமாவதற்கு மெஷின்தான் காரணம் என்று கூசாமல் சொன்னேன். பெரம்பலூரிலிருந்து வந்த மெக்கானிக் உட்கார்ந்து ஒரு மிதி மிதித்தார். சக்கரம் பறந்தது. "மெஷினு நல்லாத்தான் இருக்குக்கா. நீங்க கால டாக்டர்ட்டக் காட்டுங்க" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அவரை வழியனுப்ப எழுந்தவள், வாசல்படியில் வலது கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

திருச்சியில் ஸ்கேன் எடுத்தார்கள். முதுகுத்தண்டுக்குள் ஓடும் நரம்புத் தண்டின் முன்பக்கம் ரத்தக் குழாய்கள் தாறுமாறாகப் பின்னிக் கிடக்கின்றன என்றார் டாக்டர். முதுகுப் பக்கமாகத் திறந்தால் தண்டு மறைக்கும், அதை நகர்த்தவும் கூடாது. அதனால் கேமரா வைத்த மெல்லிய குழாயை ஓரமாக நுழைத்து, அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே பின்னலை அடைப்பார்களாம். எனக்கு உடனே புரிந்துவிட்டது. மேலே தையல் நேராக ஓடும். துணியைத் திருப்பினால் அடியில் பாபின் நூல் கொசகொசவென்று சுற்றியிருக்கும். இதைச் சொன்னதும் டாக்டர் சிரித்தார். என் கால் பழையபடி மிதிக்குமா என்று கேட்டேன். சிரிப்பை நிறுத்திவிட்டு, இதற்கு மேல் மோசமாகாமல் தடுக்கலாம், போன பலம் எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார். என் வீட்டுக்காரர் மட்டும், "எல்லாம் சரியாப் போயிடும், பேசாம இரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவருக்கு வேறு வார்த்தையே தெரியாதோ என்று எரிச்சலாக இருந்தது.

ஆபரேஷன் முடிந்ததும் உறவுக்காரர்கள் வேன் பிடித்து, பிரெட்டும் ஆப்பிளுமாக வந்து இறங்கினார்கள். காயத்தைக் காட்டச் சொல்லிச் சின்னம்மா அடம்பிடித்தார். முதுகில் விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்திரி. சின்னம்மாவுக்குப் பெரிய ஏமாற்றம். வேன் வைத்து வந்ததற்கு இன்னும் கொஞ்சம் வெட்டியிருக்கலாம் என்பதுபோல் பார்த்தார். நானோ, கட்டுப் பிரிக்கும்போது போட்டோ எடுக்கச் சொல்லி, தையலைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குறை சொல்ல முடியவில்லை. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

கால் மெதுவாகத்தான் வந்தது. முதலில் கட்டைவிரல், பிறகு கணுக்கால். சுவரைப் பிடித்து நடந்து பழகி, ஒருநாள் கடையைத் திறந்தேன். மெஷினுக்குப் பின்னால் ஒரு புது அட்டைப்பெட்டி. உள்ளே தையல் மெஷினில் மாட்டுகிற கரண்டு மோட்டார். அதை மாட்டிவிட்டால் கால் பலமே வேண்டாம், லேசாக அழுத்தினாலே ஓடும். எப்போது வாங்கியது என்று கூட வந்திருந்த வீட்டுக்காரரிடம் கேட்டேன். ஆபரேஷனுக்கு முந்தின நாள் என்றார், தலையைத் தூக்காமல். சரியாப் போயிடும் என்று எனக்குச் சொன்ன அதே வாயால் கடையில் போய் மோட்டார் கேட்டிருக்கிறார்.

திட்டுவதற்கு அருமையான சந்தர்ப்பம். அதை விட்டுவிட்டு, ஒரு கிழிசல் துணியை ஊசிக்கடியில் வைத்து மிதித்தேன். சக்கரம் முனகிக்கொண்டே சுற்றியது.

"இதத் திருப்பிக் குடுத்துட்டு வாங்க" என்றேன்.

பெட்டியை வண்டியில் வைத்துக் கட்டியவர், கிளம்பாமல் திரும்பி வந்து வாசலில் நின்றார்.

"இன்னொரு தடவ மிதியேன். பாத்துட்டுப் போறேன்" என்றார்.