ஐந்தாவது குரல்

கற்பனையாக எழுதியிருந்தால் இதை இன்னும் நன்றாக எழுதியிருப்பேன். நடந்ததை மட்டும் எழுதுவதால் இப்படித்தான் வருகிறது. நேரமெல்லாம் அம்மாவின் பழைய கைக்கடிகாரத்தில் பார்த்தது. அது நாளுக்கு இரண்டு நிமிடம் பின்தங்கும். அந்த இரண்டு நிமிடம்தான் இதில் உள்ள பிழை.

போன கோடை விடுமுறை. விடுமுறை என்றால் எனக்கு இல்லை, எனக்குப் பள்ளிக்கூடம் நின்று இரண்டு வருடம் ஆகிறது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு பெரியப்பா வீட்டில்தான் இருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு முடித்தபோது அவருடைய கடைசிப் பெண்ணுக்கு மூன்று வயது. அவளை நாங்கள் வாண்டு என்போம். பெரியம்மாவுக்கு இடுப்பு வலி. ஒரு வருடம் போகட்டும் என்றார்கள். போயிற்று. அடுத்த வருடமும் போயிற்று. அதன் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மலைக்கு என்னைக் கூட்டிப் போனது வாண்டுவைப் பார்த்துக்கொள்ளவும் பை தூக்கவும். எனக்கும் ஒரு காரியம் இருந்தது. வீட்டிலிருந்து படித்துப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத ஒரு விண்ணப்பம் வாங்கி மூன்று மாதமாக ஒளித்து வைத்திருந்தேன். அதில் பெரியப்பாவின் கையெழுத்து வேண்டும். கடைசி நாள் திங்கட்கிழமை. நாங்கள் கிளம்பியது சனிக்கிழமை. வீட்டில் அவர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். மலையில் சந்தோஷமாக இருக்கும்போது கேட்டுவிடலாம் என்று என் துணிப்பைக்குள் அதை மடித்து வைத்திருந்தேன்.

காலை 5.20க்குக் காரில் கிளம்பினோம். பெரியப்பா ஓட்டினார், பக்கத்தில் பெரியம்மா. பின்னால் அவர்களுடைய மூத்த பெண், அதாவது அக்கா, நடுவில் வாண்டு, இந்தப் பக்கக் கதவோரம் நான். வளைவுகளில் பெரியம்மா மூன்று முறை வண்டியை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தார். ஒவ்வொரு முறையும் தண்ணீர் பாட்டிலோடு நான் இறங்கினேன். கேட்டுவிடலாம், கேட்டுவிடலாம் என்று ஏழு மணி நேரம் போயிற்று.

மதியம் 12.25க்கு மலையடிவாரச் சோதனைச் சாவடி. காவலருக்கு ஐம்பது வயது இருக்கும். பெரியப்பாவிடம் பெயரும் தொலைபேசி எண்ணும் வாங்கிக்கொண்டு ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். பிறகு காருக்குள் குனிந்து பார்த்தார்.

"மத்தியானத்துக்கு மேல மூடுபனி எறங்கும் சார். எறங்கினா ஆளைத் தொட்டு எண்ணுங்க. குரலை வெச்சு எண்ணாதீங்க."

பெரியப்பா சிரித்துவிட்டார். அவர் ஒரு சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளர். தினமும் காலையில் நாற்பது பேர் வரிசையாக எண் சொல்லுவார்கள். அவர் தலை நிமிர மாட்டார். காதால் கேட்டே வருகையைக் குறித்து முடித்துவிடுவார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு ஆள்கூடத் தப்பியதில்லை என்பது வீட்டுக்கு யார் வந்தாலும் அவர் சொல்லும் பெருமை.

"நமக்கே கணக்கு சொல்லித் தர்றான் பாரு" என்று கியரை மாற்றினார்.

சாவடியிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே போய்க் காரை நிறுத்தினோம். 1.10க்கு ஏற ஆரம்பித்தோம். பெரியப்பா ஒன்று, பெரியம்மா இரண்டு, அக்கா மூன்று, வாண்டு நான்கு, நான் ஐந்து. பாதையோரம் பத்தடிக்கு ஒன்றாக வெள்ளையடித்த கற்கள். வாண்டுவின் சப்பாத்தில் மிதித்தால் கீச் என்று ஒலிக்கும் சங்கதி ஒன்று உண்டு. கீச், கீச் என்று மிதித்து, வெள்ளைக் கற்களை எண்ணிக்கொண்டே வந்தாள். பாதி மலையில் இடப்பக்கத்திலிருந்து வேறொரு தடம் வந்து எங்கள் பாதையோடு சேர்ந்தது. அதன் வாயில் ஒரு மரத்துண்டு குறுக்கே கிடந்தது, அந்தப் பக்கம் வெள்ளைக் கற்கள் இல்லை. அக்கா அதன்மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டாள். என்னைத்தான் எடுக்கச் சொன்னாள்.

உச்சிக்கு 3.05க்குப் போனோம். எல்லோருக்கும் ரொட்டியும் முட்டையும் எடுத்துக் கொடுத்தேன். பெரியப்பா பாறையில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். நல்ல சமயம். பக்கத்தில் போய் நின்றேன். "பெரியப்பா" என்றேன்.

"தண்ணி குடு" என்றார்.

கொடுத்தேன். அவ்வளவுதான்.

3.30க்கு இறங்கத் தொடங்கினோம். 3.48க்கு மூடுபனி வந்தது. அக்கம்பக்கம் மரம் இருந்தது, பிறகு இல்லை. பெரியப்பா முன்னாலிருந்து கத்தினார். வரிசையாக எண் சொல்ல வேண்டுமாம், கிடங்கு மாதிரி.

"ஒண்ணு." அது அவர்.

"ரெண்டு." பெரியம்மா. "மூணு." அக்கா. "நாலு." வாண்டு.

"அஞ்சு" என்றேன்.

"சத்தமா சொல்லு. சோறு திங்கல?"

மறுபடி சொன்னேன்.

நான் போட்டிருந்தது அக்காவின் பழைய சப்பாத்து. ஒரு அளவு பெரியது. 4.02க்கு வலது காலின் அடிப்பகுதி வாயைப் பிளந்தது. குனிந்து பையிலிருந்த கயிற்றால் கட்டினேன். ஒரு நிமிடம்தான் இருக்கும். கீச் கீச் சத்தம் சற்றுத் தள்ளிப் போயிருந்தது.

முன்னால் எண் சொல்லத் தொடங்கினார்கள்.

"ஒண்ணு."

"ரெண்டு."

"மூணு."

"நாலு."

நான் வாயைத் திறந்தேன்...

"அஞ்சு."

நான் சொல்லவில்லை.

அவர்கள் பக்கத்திலிருந்து வந்தது. என் குரல். ஆனால் கணீரென்று இருந்தது. நான் ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை.

"சரி, நட" என்றார் பெரியப்பா.

பெரியப்பா என்று கூப்பிட்டேன். என் சத்தம் என் மூக்குக்கு முன்னாலேயே விழுந்துவிட்டது. அங்கே அந்தக் குரல் ஏதோ சொன்னது. அக்கா சிரித்தாள். பெரியம்மாவும் சிரித்தார். இடுப்பு வலி வந்த பிறகு பெரியம்மா அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை.

ஓட முடியவில்லை. சப்பாத்து மடங்கியது. விழுந்தேன். எழுந்தேன்.

4.17. மறுபடி எண்ணினார்கள். தூரத்தில். ஒன்றிலிருந்து ஐந்து வரை. சரியாக இருந்தது.

4.29. இன்னும் தூரத்தில். அப்போதும் சரியாக இருந்தது.

பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

4.41க்குக் கால் ஒரு மரத்துண்டில் இடித்தது. பாதை பிரியும் இடம். பனியில் இடது எது, வலது எது என்று தெரியவில்லை. நின்றேன்.

பக்கத்தில் ஒரு குரல்.

"ஒண்ணு."

பெரியப்பா. எனக்கு அழுகையே வந்துவிட்டது. காத்திருக்கிறார்கள். திரும்பி வந்துவிட்டார்கள்.

"ரெண்டு."

"மூணு."

"நாலு."

பிறகு அமைதி. என் முறை.

மூச்சை இழுத்தேன். அப்போதுதான் உறைத்தது...

கீச் சத்தம் இல்லை.

வாண்டு ஓரிடத்தில் நிற்கும் பிள்ளை இல்லை. நாலு என்று சொல்லும்போதே இரண்டு மிதி மிதிப்பாள்.

உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு..."

இன்னும் கிட்ட.

அமைதி.

ஈர மண்ணின் வாடை. யாரோ மூச்சு விடாமல் காத்திருப்பது போல இருந்தது.

"சொல்லும்மா" என்றது பெரியப்பாவின் குரல்.

பெரியப்பா என்னை ஒருநாளும் அம்மா போட்டுக் கூப்பிட்டதில்லை.

எத்தனை நேரம் நின்றேன் என்று கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பேசாமல் இருப்பது ஒன்றுதான் எனக்கு வரும். அதைச் செய்தேன். பிறகு மண்டி போட்டுத் தரையைத் தடவினேன். ஒரு கல் கையில் பட்டது. முகத்துக்கு அருகே குனிந்து பார்த்தேன். வெள்ளை. அங்கிருந்து பத்தடி தவழ்ந்தேன். அடுத்த கல். அடுத்தது...

பின்னால் அது எண்ணிக்கொண்டே இருந்தது. நான்கோடு நின்றது. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது.

5.36க்குக் காரின் விளக்கு தெரிந்தது.

முழங்கால் இரண்டும் கிழிந்திருந்தன. கதவோரம் போய் நின்றேன். உள்ளே விளக்கெரிந்தது. பனி விலகட்டும் என்று காத்திருக்கிறார்கள். எனக்காக இல்லை. பெரியப்பா கண்ணை மூடியிருந்தார். அக்கா கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் வாண்டு உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். என் இடம் இருக்கும் பக்கமாகச் சாய்ந்து.

என் இடம் காலியாக இருந்தது.

வாண்டுவின் தலை எதன் மேலும் படவில்லை. ஒருவர் தோளில் சாய்ந்தால் எவ்வளவு உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில், சும்மா, நின்றது.

கதவைத் திறந்தேன். தலை மெதுவாக இருக்கையில் சரிந்தது.

அக்கா நிமிர்ந்தாள். "நீ எப்படி எறங்கின? இப்பதானே பேசிட்டு இருந்த."

பெரியம்மா திரும்பிப் பார்த்து, பை எங்கே என்று கேட்டதற்கு, வண்டியின் பின்பக்கம் வைத்துவிட்டேன் என்றாயே, மறுபடி எதற்குத் தூக்கிக்கொண்டு போனாய், உடுப்பெல்லாம் என்ன சேறு என்று திட்டினார். நான் வாயைத் திறந்தேன். வழக்கம்போல ஒன்றும் வரவில்லை.

"பாரு, மறுபடி ஊமையாயிட்டா" என்றாள் அக்கா. "எறங்கும்போது என்னா பேச்சுடி பேசின. வயிறே வலிச்சிடுச்சு."

பெரியப்பா கண்ணைத் திறக்காமலே முன்கண்ணாடியின் கீழே கிடந்த ஒரு தாளைக் காட்டினார்.

"கையெழுத்துப் போட்டுட்டேன், எடுத்துக்க. இத்தனை நாள் வாயத் தொறந்து கேட்டிருந்தா நான் என்ன கடிச்சா தின்னுருப்பேன்?"

என் விண்ணப்பம். நான் தூக்கி வந்த பைக்குள் மடித்து வைத்திருந்த அதே தாள். மூன்று மாதமாக நான் நிரப்பாமல் விட்டிருந்த ஒரு கட்டம் அதில் உண்டு. படிப்பை நிறுத்தியதற்கான காரணம். இப்போது அது நிரம்பியிருந்தது. என் கையெழுத்தில். "வீட்டில் வேலைக்கு ஆள் தேவைப்பட்டது."

அதன் கீழேதான் பெரியப்பா கையெழுத்துப் போட்டிருந்தார். படித்துப் பார்க்கவில்லை.

6.04க்குச் சாவடி. எத்தனை பேர் என்று காவலர் கேட்டார். பெரியப்பா திரும்பாமல், அஞ்சு, எல்லாம் சரியா இருக்கு என்றார். காவலர் அதைக் காதில் வாங்கவில்லை. ஒவ்வொரு கதவாகத் திறந்து ஒவ்வொருவர் கையையும் தொட்டு எண்ணினார். பெரியப்பாவுக்குக் கோபம். என் கையை மட்டும் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார்.

"சூடா இருக்கு" என்றார், தனக்குள் சொல்வது போல. "போங்க."

விண்ணப்பத்தைத் திங்கட்கிழமை அனுப்பிவிட்டேன். வேறு என்ன செய்வது? அது நான் கேட்டு வந்ததில்லை என்று யாரிடம் சொல்வது? சொன்னால் கையெழுத்துப் போய்விடும்.

வீட்டில் அந்த நாளைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள். பெரியம்மா வாரம் ஒருமுறையாவது, அன்னிக்கு மலையில இருந்த மாதிரி இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும் என்கிறார். அக்கா சிரித்துச் சிரித்து அந்த நகைச்சுவைகளை எனக்கே திரும்பச் சொல்கிறாள். நான் முதல்முறையாகக் கேட்கிறேன். நன்றாகத்தான் இருக்கின்றன.

மூன்று வாரம் கழித்து, வீட்டில் யாரும் இல்லாத மதியம், 2.15க்கு, நுழைவுச் சீட்டில் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன். காவலரே எடுத்தார். கையைப் பிடித்துப் பார்த்தீர்களே, அந்தப் பெண் என்றேன். அவருக்கு ஞாபகம் இருந்தது.

நாலு வருடம் முன்பு, இதே போல ஒரு கோடை விடுமுறையில், ஒரு குடும்பம் வந்ததாம். அப்பா, அம்மா, இரண்டு பெண்கள். பனி இறங்கியிருக்கிறது. எண் சொல்லிக்கொண்டே இறங்கியிருக்கிறார்கள். சரியாக இருந்தது. நாலு பேரும் காரில் வீட்டுக்குப் போனார்கள். ஒன்பது நாள் கழித்து, விறகு பொறுக்கப் போனவர்கள் இடப்பக்கத் தடத்தில் ஒரு பெண்ணைக் கண்டெடுத்தார்கள். இளையவள். உயிர் இல்லை.

"நான்தான் அவங்க வீட்டுக்குப் போன் போட்டேன்மா. அவர் சிரிக்கிறாரு. என் பொண்ணு இங்க உக்காந்து சாப்பிட்டுட்டு இருக்கா, நீங்க யாரையோ பாத்துட்டுச் சொல்றீங்கன்றாரு."

"அப்புறம்?"

"உள்ள போய்ப் பாத்தாரு. தட்டு இருந்துச்சு. அவ்ளோதான்."

வைத்துவிடப் போனார். நான் வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவரைப் பேச்சின் நடுவே நிறுத்தினேன். அந்த ஒன்பது நாளும் வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லையா என்று கேட்டேன்.

"அதை நானும் கேட்டேன்" என்றார். "தெரிஞ்சுதாம். மலைக்குப் போயிட்டு வந்ததுல இருந்து பொண்ணு நல்லா மாறிட்டான்னு அவங்க அம்மா எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருந்தாங்களாம்."

வரும் கோடைக்கும் அதே மலைக்குத்தான் போகிறோம். பெரியம்மாதான் கேட்டார். பெரியப்பா சரி என்றுவிட்டார்.