சித்தப்பா திருப்பிய ஜெர்சிகள்

அவருக்கு உடன்பிறப்பு என்று யாரும் கிடையாது. அண்ணன் இல்லாத மனிதருக்கு அண்ணன் பிள்ளை எங்கிருந்து வரும்? ஆனாலும் தேசியக் கால்பந்து அணியில் ஆடிய, ஆடுகிற அத்தனை பேருக்கும் அவர் சித்தப்பாதான். கோல்கீப்பர் கூப்பிடுவான், பயிற்சியாளர் கூப்பிடுவார், ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர் கூப்பிடுவார். அவரைவிட ஏழு வயது மூத்த கால்பந்துச் சம்மேளனத்துச் செயலாளரே வழுக்கையைத் தடவிக்கொண்டு, சித்தப்பாவை வரச்சொல் என்பார். சொந்தப் பெயர் சம்பளப் பதிவேட்டில் இருந்தது. அதை அங்கே போய்ப் படித்தவர்கள் யாருமில்லை.

வேலை, ஜெர்சி துவைப்பது. முன்பு ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மனைவியின் தம்பி சம்மேளன ஆபீசில் டைப்பிஸ்ட். அவர்தான் ஒரு நாள் வந்து, துவைக்கிற ஆள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான், ஒரே ஒரு வாரம் வந்து கை கொடு மாமா என்று கூட்டிக்கொண்டு போனார். அந்த ஒரு வாரம் பத்தொன்பது வருஷமாக இன்னும் முடியவில்லை. பதவியின் பெயர் 'தற்காலிக உதவியாளர்'. தற்காலிகமாகச் சேர்ந்தவருக்குத் தலை நிரந்தரமாக நரைத்துவிட்டது.

வயது ஐம்பத்தேழு. அதுதான் இப்போது அவர் தொண்டையில் சிக்கிய முள். தற்காலிக ஆட்களை ஐம்பத்தெட்டில் ஒரு வணக்கம் போட்டு அனுப்பிவிடுவார்கள். நிரந்தரமானவர்கள் அறுபதுவரை இருக்கலாம், பிறகு சாகும்வரை பென்ஷன். அவரை நிரந்தரமாக்கும் ஃபைல் ஆறு வருஷமாக மேஜை மேஜையாகச் சுற்றி, கடைசியில் செயலாளர் மேஜைக்கு வந்து உட்கார்ந்திருந்தது. வீட்டில் மனைவி தினமும் கேட்கும் கேள்வி, சாப்பிட்டீங்களா என்பதல்ல. ஃபைல் நகர்ந்துச்சா என்பதுதான்.

அவருடைய ராஜ்யம் மைதானத்துப் பார்வையாளர் காலரிப் படிக்கட்டுக்கு அடியில். நிமிர்ந்தால் தலை இடிக்கும். இரண்டு வாஷிங் மெஷின். ஒன்றின் கதவு ஷூ லேஸால் கட்டப்பட்டிருக்கும். அவிழ்க்கத் தெரிந்தவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். ஜெர்சி துவைப்பதில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. உள்புறத்தை வெளியே திருப்பித்தான் துவைப்பார், அப்படியேதான் காயப்போடுவார். இல்லாவிட்டால் முதுகில் ஒட்டிய எண் நாலே துவையலில் காய்ந்த சேறு மாதிரி வெடித்துவிடும். ஆட்டத்தன்று காலையில் டிரெஸ்ஸிங் ரூமுக்குப் போய், ஒவ்வொன்றாக எடுத்து, சரக்கென்று திருப்பி, ஒரு உதறு உதறி, எண் போட்ட கொக்கியில் மாட்டுவார். எடு, திருப்பு, உதறு, மாட்டு. அந்த நேரத்தில் கை ஒரு வேலை பார்க்கும், தலை வேறு ஊருக்குப் போயிருக்கும்.

இனி சண்டைக்கு வருவோம். சண்டை ஒரு முழங்காலில் ஆரம்பித்தது. 'தூண்' என்று எல்லோரும் கூப்பிடும் தடுப்பாட்டக்காரன், தேசியப் பயிற்சி முகாமில் மைதானத்துக் குழியில் கால் வைத்தான். குழி அப்படியே இருந்தது, முழங்கால்தான் போய்விட்டது. உங்கள் முகாமில் விழுந்தான், நீங்கள்தான் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றது அவனுடைய கிளப். உங்கள் ஆட்டக்காரன், நீங்கள் செய்யுங்கள் என்றது சம்மேளனம். இரண்டு பேரும் கடிதம் எழுதிக்கொண்டிருக்க, நடுவில் முழங்கால் பாட்டுக்கு வீங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஆட்டக்காரர் சங்கம் எழுந்தது. தலைவர், அணியின் கேப்டனேதான். முகாமில் அடிபட்டால் வைத்தியம் சம்மேளனத்தின் பொறுப்பு, அதை விதியாக எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டார். செயலாளர் அந்தக் கடிதத்தைப் பிரிக்கக்கூட இல்லை. சங்கமா, அப்படி ஒன்று இருப்பதாக நமக்குத் தெரியாதே என்று திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்ததும் திரும்பி வந்தது. அதற்கடுத்ததும்.

இங்கேதான் சித்தப்பாவின் தலையெழுத்து குறுக்கே வந்தது. வெளியே சொல்லக்கூடாத ரகசியம் ஒன்று, அதனாலேயே எல்லோருக்கும் தெரியும். செயலாளரின் சட்டைகளும் ஜெர்சியோடு சேர்ந்து இந்த மெஷினில்தான் வெளுக்கும். ஆகவே ஆபீசுக்கும் டிரெஸ்ஸிங் ரூமுக்கும் தடையில்லாமல் போய்வருகிற ஒரே ஜீவன் சித்தப்பாவின் துணிக்கூடை. கேப்டன் கடிதத்தை மடித்துச் செயலாளர் சட்டைகளுக்கு அடியில் வைத்தார். மறுநாள் கூடையில் ஒரு துண்டுச் சீட்டு வந்தது. இல்லாத சங்கத்துக்குக் கையெழுத்தில்லாத பதில். அதிலிருந்து பேச்சுவார்த்தை கூடை வழியாகவே நடந்தது.

இதில் ஒரு வேடிக்கை, இரண்டு பக்கமும் அவரைத் தங்கள் ஆள் என்றே நினைத்தன. செயலாளர் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, "ஃபைல் எங்கிட்டதான் இருக்கு சித்தப்பா. இந்த ஆட்டம் நல்லபடியா முடியட்டும்" என்பார். கேப்டன் தோளில் கை போட்டு, நீங்கள் எங்களில் ஒருவர் என்பார். அப்படியென்றால் என்னையும் சங்கத்தில் சேர்த்துக்கொள்ளலாமே என்று சித்தப்பா ஒருமுறை கேட்டார். பதிவான ஆட்டம் ஒன்றிலாவது ஆடியிருக்க வேண்டுமாம். சலவைக் கடை அணிக்கு ஒருநாள் அவர் கோல்கீப்பராக நின்று ஒன்பது கோல் வாங்கியிருக்கிறார். நல்லவேளை, அது எங்கேயும் பதிவாகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து நாட்டோடு ஆட்டம். வியாழக்கிழமை கேப்டன் படிக்கட்டுக்கு அடியில் குனிந்து வந்தார். சம்மேளனத்தின் முத்திரை ஜெர்சியின் நெஞ்சில் இருக்கிறது அல்லவா, ஞாயிறன்று பதினொரு பேரும் ஜெர்சியை உள்புறம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு நாட்டுப்பண்ணுக்கு நிற்போம், திருப்பாமலே கொக்கியில் மாட்டிவிடுங்கள் என்றார். சித்தப்பா தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமைக்குள் சேதி ஆபீசுக்குப் போய்விட்டது. சித்தப்பா வீட்டில் சொன்னது டைப்பிஸ்ட் மச்சான் காதுக்கு எட்டியது, அவர் வாயில் எதுவும் தங்காது. செயலாளர் கூப்பிட்டு, ஒரே ஒரு ஜெர்சி உள்புறமாகத் தொங்கினாலும் ஃபைல் குப்பைக்கூடையில் தொங்கும் என்றார். சித்தப்பா அதற்கும் தலையாட்டினார். ஒரே தலைதானே இருக்கிறது, எத்தனை பக்கம்தான் ஆட்டுவது?

சனிக்கிழமை கூடையில் புதுச் சீட்டு வந்தது. விதியை எழுதித் தருகிறோம், திங்களன்று கையெழுத்து, ஞாயிறு அமைதியாகப் போகட்டும். கேப்டன் ஒத்துக்கொண்டார். சாயங்காலம் வந்து, ஜெர்சியை எப்போதும்போல நேராகவே மாட்டிவிடுங்கள் என்றார். கொஞ்ச நேரத்தில் ஆபீசிலிருந்தும் அதையே சொல்லி அனுப்பினார்கள்.

இதில்தான் அவருக்குத் தலை சுற்றியது. இரண்டு பக்கமும் ரெண்டு சொன்னால் அவருக்குப் பழக்கம். இரண்டு பக்கமும் ஒன்றையே சொன்னால் என்ன அர்த்தம்? யார் யாரை ஏமாற்றுகிறார்கள்? நடுவில் ஏமாறுவது நானா? வீட்டுக்குப் போய் மனைவியிடம் கேட்டார்.

"நேரா மாட்டுன்னு சொன்னா நேரா மாட்டுங்க. அதுல என்ன யோசனை?"

"அதான் எனக்கும் புரியல. யோசிக்க ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கே, அதான் யோசனையா இருக்கு."

உண்மையில் அவர் வீட்டுக்குப் புறப்படுமுன்பே, எதற்கும் இருக்கட்டும் என்று அத்தனை ஜெர்சியையும் நேராகத் திருப்பி அடுக்கிவைத்துவிட்டுத்தான் வந்திருந்தார். பத்தொன்பது வருஷத்தில் முன்தினமே திருப்பிவைத்தது அதுதான் முதல்முறை.

ஞாயிறு காலை. டிரெஸ்ஸிங் ரூமில் யாருமில்லை. அவர் அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்தார். தலைக்குள் ஃபைலும் சீட்டும் முழங்காலும் கோலி விளையாடிக்கொண்டிருந்தன. எடு, திருப்பு, உதறு, மாட்டு. கண்ணாடி சட்டைப்பையில் இருந்தது. மெல்லிய வெள்ளைத் துணி, எண் உள்ளிருந்தே நிழலாகத் தெரியும். எட்டு எந்தப் பக்கம் பார்த்தாலும் எட்டுதான். பதினொன்றும் அப்படியே. எல்லாவற்றையும் மாட்டி முடித்துவிட்டு, பந்துக்குக் காற்று அடிக்கப் போய்விட்டார்.

கேப்டன் உள்ளே வந்து கொக்கிகளைப் பார்த்தார். நின்றார். சேதி எப்போதும் சித்தப்பா வழியாகத்தானே வரும்? சம்மேளனம் வாக்கு மாறிவிட்டது, அதனால் சங்கத்தில் மற்றவர்கள் போராட்டம் நடக்கட்டும் என்று முடிவெடுத்துச் சித்தப்பாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் என்று அவரே கணக்குப் போட்டார். மாட்டியிருந்தபடியே போட்டுக்கொண்டார். கேப்டனைப் பார்த்து மற்றவர்களும் போட்டுக்கொண்டார்கள். மேலே கோட்டு போட்டிருந்ததால் மைதானம் போகும்வரை வெளியே தெரியவில்லை.

நாட்டுப்பண்ணுக்குக் கோட்டைக் கழற்றினார்கள். தையலும் நூலும் பிசிறுமாகப் பதினொரு நெஞ்சுகள். முத்திரை எதிலும் காணோம். முழங்கால் சண்டையைப் பத்திரிகையில் படித்திருந்த காலரியில் கூரை பறக்கிற மாதிரி கைதட்டல். மேடையில் செயலாளரின் முகம், சாயம் போன துணி மாதிரி ஆனது. நடுவர் ஓடிவந்து திருப்பிப் போடச் சொல்ல, நடு மைதானத்தில் பதினொரு பேரும் வெற்றுடம்போடு ஜெர்சியோடு மல்லுக்கட்டினார்கள். பந்துப் பையோடு ஓரத்தில் நின்ற சித்தப்பா, கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். பார்த்த பிறகும் புரியவில்லை. நேற்றுத் திருப்பினேனா, இன்று திருப்பினேனா? வீட்டுக்குப் போகும் பஸ்சில்தான் விளங்கியது. இரண்டு நாளும் திருப்பியிருக்கிறார்.

திங்கட்கிழமை விசாரணை. கையெழுத்தாக வேண்டிய விதி மேஜைமேல் அப்படியே கிடந்தது. பக்கத்தில் சித்தப்பாவின் ஃபைல். இந்தப் பக்கம் செயலாளர், அந்தப் பக்கம் கேப்டன். இல்லாத சங்கத்துக்கு முதன்முறையாக ஒரு நாற்காலி கிடைத்திருந்தது. ஓரத்தில் மச்சான் டைப் அடிக்கத் தயாராக. வெளியே பெஞ்சில் ஊன்றுகோலோடு தூண்.

புறப்படும்போது மனைவி, எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்லிவிடுங்கள், உங்கள் முகத்துக்கு அது பொருந்தும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். தாழ்வாரத்தில் கேப்டன் ஓரம் கட்டினார்.

"நான் சொல்லித்தான் மாட்டினேன்னு சொல்லிடுங்க சித்தப்பா. பழி எம்மேல வரட்டும், உங்க வேலை தப்பிச்சுடும்."

"அப்படிச் சொன்னா அந்தப் பையனோட முழங்கால்?"

கேப்டன் பெஞ்சில் இருந்த தூணைத் திரும்பிப் பார்த்தார். வாக்கு மீறியது சங்கம் என்று ஆகிவிட்டால் விதியும் போச்சு, ஆபரேஷனும் போச்சு.

உள்ளே செயலாளர் ரொம்பத் தணிவாகப் பேசினார். அவர் தணிந்து பேசினால்தான் பயம்.

"உன் மேல எனக்குக் கோபமே இல்ல. யார் சொன்னாங்கன்னு மட்டும் சொல்லு. இப்பவே உன் ஃபைல்ல கையெழுத்துப் போடறேன்."

சித்தப்பா ஃபைலைப் பார்த்தார். ஆறு வருஷத்தில் அது இவ்வளவு பக்கத்தில் வந்ததே இல்லை. கதவு இடுக்கில் ஊன்றுகோலின் ரப்பர் முனை தெரிந்தது. ஒரு பொய் சொன்னால் பென்ஷன். பொய்யும் பெரிசில்லை, வியாழக்கிழமை உண்மையாக இருந்த சங்கதிதானே? நாலு நாள் பழைய உண்மை பொய்யா, உண்மையா? யோசிக்க யோசிக்க இன்னும் குழம்பியது. குழம்பிய வாயில் நடந்ததுதான் வந்தது.

"யாரும் சொல்லலீங்க. சனிக்கிழமை திருப்பி வெச்சேன். மறந்துபோய் ஞாயித்துக்கிழமை இன்னொரு தடவை திருப்பிட்டேன்."

யாரும் நம்பவில்லை. யாரையோ காப்பாற்றப் பொய் சொல்கிறார் என்று செயலாளர் நினைத்தார். தன்னைத்தான் காப்பாற்றுகிறார் என்று கேப்டன் நெகிழ்ந்துபோனார். இப்படிக்கூட ஒருவன் செய்வானா என்று செயலாளர் மேஜையைத் தட்டினார்.

அப்போது மச்சான் வாயைத் திறந்தார். வாழ்நாளில் அந்த வாய் நல்லது செய்தது அன்றுதான். "ஒரு ஜெர்சியைக் குடுத்துப் பாருங்க சார். ஒண்ணும் சொல்லாம குடுங்க."

ஆபீஸ் கண்ணாடி அலமாரியில் காட்சிக்கு வைத்திருந்த ஜெர்சிகள் நாலைந்தை எடுத்து மேஜையில் போட்டார்கள். எல்லாம் நேராக இருந்தவை. செயலாளர் வேண்டுமென்றே பேச்சை மாற்றி, உன் பெண்சாதிக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்றார். முட்டிவலி, மாடிப்படி ஏற முடியவில்லை என்று சித்தப்பா சொல்லிக்கொண்டே ஒன்றை எடுத்தார். சரக்கென்று திருப்பினார், உதறினார், சுற்றுமுற்றும் கொக்கியைத் தேடி, கிடைக்காமல் செயலாளரின் நாற்காலி முதுகில் மாட்டினார். அடுத்ததை எடுத்தார். மூன்றாவதை மாட்டும்போதுதான் எல்லோரும் அந்த நாற்காலியையே பார்ப்பதைக் கவனித்தார். நாற்காலியில் மூன்று ஜெர்சியும் உள்புறமாகத் தொங்கின.

முதலில் சிரித்தவர் செயலாளர். கேப்டனுக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்று நாடே கைதட்டிய போராட்டம் ஒரு கைப்பழக்கம் என்று தெரிந்தால் யாருக்குத்தான் வரும்? ஆனால் சங்கம் வாக்கு மீறவில்லை என்பது இருவருக்குமே விளங்கிவிட்டது. விதியில் கையெழுத்து விழுந்தது. வெளியே பெஞ்சிலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது.

சித்தப்பாவின் ஃபைல் மட்டும் மூடியபடி இருந்தது. இத்தனை பெரிய தவறுக்கு நிரந்தரம் ஒரு கேடா என்று செயலாளர் அதைத் தள்ளிவைத்தார். நடந்ததற்கு வெளிநாட்டில் இருக்கும் உலகக் கால்பந்து அமைப்பின் தலைமையகத்திலிருந்து விளக்கம் கேட்டிருந்தார்கள். பொறுப்பான ஊழியர்மீது நடவடிக்கை எடுத்தோம் என்று எழுதி, மெமோவின் நகலையும் வைக்க வேண்டும். மச்சான் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். தற்காலிக ஆளுக்கு மெமோ கொடுக்க முடியாதாம். மெமோ வாங்க வேண்டுமென்றால் முதலில் நிரந்தரமாக இருக்க வேண்டும். அப்படியே வெளியே அனுப்பிவிட்டாலோ, தேசிய அணியின் துணிமணியைப் பத்தொன்பது வருஷம் ஒரு தற்காலிக ஆளிடமா விட்டீர்கள் என்று அங்கே கேட்பார்கள். செயலாளர் வழுக்கையைத் தடவினார். இரண்டு தரம் தடவினார்.

சாயங்காலம் சித்தப்பா இரண்டு கவரோடு வீட்டுக்குப் போனார். ஒன்றில், சனிக்கிழமை முதல் நிரந்தரம். இன்னொன்றில், ஞாயிற்றுக்கிழமைக் கவனக்குறைவுக்காக எச்சரிக்கை மெமோ. மனைவி இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து மாற்றி மாற்றிப் படித்தார்.

"தப்பு பண்ணதுக்கா வேலை குடுத்திருக்காங்க?"

"அப்படித்தான் தெரியுது."

"பத்தொம்பது வருஷம் ஒழுங்கா பாத்தீங்களே, அதுக்கு?"

  கொடியில் காய்ந்த சட்டையை எடுத்து மடிக்கப் போன சித்தப்பா, கையைப் பாதியில் நிறுத்தி, அது நேராக இருக்கிறதா, திருப்பியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.