ட்ரம் போடாத கேசட்

என் இரண்டாவது கேசட்டுக்கு விமர்சனக் கூட்டம் வைக்கலாம் என்று முதலில் சொன்னவர் அதை வெளியிட்ட கிள்ளான் கேசட் கடைக்காரர்தான். நம் ஊரில் புத்தகம் வந்தால் மண்டபம் எடுப்பார்கள், மாலை போடுவார்கள், இரண்டு பேரை மேடையேற்றி அலச விடுவார்கள். கடைசியில் எழுதியவரை எழுப்பி ஏற்புரை சொல்லச் சொல்வார்கள். எழுதியவர் குறைகளைத் தலைவணங்கி ஏற்றுக்கொண்டு, அடுத்த முறை திருத்திக்கொள்வதாகச் சொல்லி உட்கார வேண்டும். அப்புறம் கறிபாப்பும் தேநீரும் வரும். கேசட்டுக்கு யாரும் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. எண்பதுகளின் கடைசியில் பிரிக்பீல்ட்ஸில் எனக்குச் செய்தார்கள்.

காரணம், ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காத இரண்டு விமர்சனங்கள். ஒரு வார இதழில் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் எழுதியிருந்தார். மனிதர் உருகிப்போயிருந்தார். இறைவனைத் தேடும் ஆன்மாவின் ஏக்கம் ஒவ்வொரு பாட்டிலும் தெரிகிறதாம். ஒரு நாளிதழின் ஞாயிறு மலரில் எழுதிய இளைஞருக்கு எதுவுமே தெரியவில்லை. தாளம் இல்லை, துடிப்பு இல்லை, முதல் கேசட்டில் ஆட வைத்தவள் இதில் தூங்க வைக்கிறாள், ஆங்கிலப் பாட்டுக்குச் சேலை கட்டி அனுப்பியிருக்கிறாள் என்று கிழித்துத் தோரணம் கட்டியிருந்தார்.

திட்டியவர் மேல் எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் புகழ்ந்தவர் மேல் வந்த கோபம் அதைவிடப் பெரியது. திட்டியவராவது பாட்டைக் கேட்டிருந்தார்.

எங்கள் குடும்பம் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தது. அப்பா ஸ்டேஷன் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், மெத்தடிஸ்ட் சர்ச்சில் முன் பெஞ்சுக்காரர். நான் கித்தார் பிடிக்கக் கற்றதும் அந்தச் சர்ச்சின் வாலிபர் கூட்டத்தில்தான். ராத்திரி ரேடியோவில் மலாயிலும் ஆங்கிலத்திலும் வரும் ஸ்லோ ராக் பாட்டுகள் எனக்கு உயிர். அதே நடையில் தமிழில் எழுதி, ஒரு கித்தாரும் ஒரு பியானோவும் மட்டும் வைத்துப் பாடினேன். நம் ஜனங்களின் காதுக்குத் தமிழும் கித்தாரும் தணிந்த குரலும் சேர்ந்துவிட்டால் அது சர்ச்சில் பாடும் வேதப் பாட்டு. வேறு எதுவாகவும் இருக்க முடியாது. கடைக்காரர்கள் யாரையும் கேட்காமல் கேசட்டைக் கிறிஸ்துவ பக்திப் பாடல் வரிசையில் அடுக்கினார்கள். கிள்ளானில் ஒரு வீட்டு ஜெபக் கூட்டத்தில் இந்தக் கேசட்டின் முதல் பாட்டைக் கண்ணை மூடிப் பாடி அழுதார்களாம். 'மழை நின்ற பிறகும் நனைந்தே வருகிறாய்' என்று நான் எழுதியதைக் கேட்டு, பாவிகளைத் தேடி வரும் ஆண்டவர் என்று அந்த வீட்டு ஆன்டி எனக்கே விளக்கினார்.

அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பார்க்கிறவர் கையில் எல்லாம் ஒரு கேசட்டைத் திணித்து, மகள் கர்த்தருக்குப் பாடியது என்பார். கேட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்க எனக்குக் கூசும்.

நான் பாடியது ஒரு மனிதனுக்கு. பங்சாரில் நான் டைப்பிஸ்ட்டாக இருந்த அலுவலகத்துக்கு எதிர்க் கட்டடத்தில் அவன் வேலை பார்த்தான். சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் எனக்காக நிற்பான், மழை என்றாலும் நிற்பான். யாழ்ப்பாணத்துக் குடும்பம், வீடு நிறைய அரசாங்க உத்தியோகம். ரயில்வே குவார்ட்டர்ஸ் வேதக்காரப் பெண்ணுக்கு அந்த வீட்டில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஒரு நாள் முதல் அவன் பஸ் ஸ்டாப்புக்கு வரவில்லை. நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். அப்படி நின்றதுதான் கேசட் முழுவதும்.

கூட்டத்துக்கு முந்தின வாரம் கடைக்காரர் என்னைக் கிள்ளானுக்கு வரச் சொன்னார். முதல் லாட் தீரப்போகிறது, அடுத்த லாட் அடிக்க வேண்டுமென்றால் எல்லாப் பாட்டுக்கும் ட்ரம்மும் கீபோர்டும் ஏற்ற வேண்டும் என்றார். நான் முடியாது என்றேன். அவர் சிரித்தார்.

"கல்யாண டின்னர்ல போட முடியலையேலா தங்கச்சி. நீ ஏற்புரையிலயே சொல்லிடு, புதுசா ட்ரம் போட்டு வருதுன்னு. இல்லன்னா இதோட விட்டுருவோம்."

வீட்டில் அப்பாவுக்கு வேறு கவலை. தலைமையாசிரியர் ஐயாவுக்கு நன்றி சொல்லி, எல்லாப் புகழும் கர்த்தருக்கே என்று முடித்துக்கொள்ளச் சொன்னார். ஒருவருக்கு என் பாட்டைக் குத்துப் பாட்டாக்க வேண்டும், இன்னொருவருக்கு ஜெபமாக்க வேண்டும். எதற்குத் தலையாட்டினாலும் கேசட் பிழைத்துக்கொள்ளும். ஆனால் அது என்னுடையதாக இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மண்டபம் நிறைந்திருந்தது. தலைமையாசிரியர் அழகாகப் பேசினார், இரண்டு இடத்தில் குரல் தழுதழுத்தது. இளைஞர் மேசையை விரலால் தட்டிக்காட்டி, இந்த வேகத்தில் போனால் தமிழன் எங்கே போய்ச் சேருவான் என்று கேட்டார். கைத்தட்டல் காதைப் பிளந்தது. நானும் தட்டினேன், நன்றாகத்தான் பேசினார். அப்புறம் என்னை ஏற்புரைக்கு அழைத்தார்கள்.

முன் வரிசையில் அப்பா கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து, பின்சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினேன்.

"ஐயா மன்னிக்கணும். இது சாமிக்கு எழுதின பாட்டு இல்ல. ஒரு ஆளுக்கு எழுதினது. அவர் இப்ப இல்ல, வேற இடத்துல கல்யாணம் பண்ணிட்டாரு. ட்ரம்மும் போட மாட்டேன். இது இப்படியேதான் இருக்கும்."

வணக்கம் சொல்லி உட்கார்ந்தேன். யாரும் தட்டவில்லை. கல்யாணமாகாத பெண், சர்ச்சுக்காரப் பெண், மைக்கில் இதைச் சொல்கிறாளே என்று பின் வரிசையில் ஆன்டிகள் குசுகுசுத்தார்கள். தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைக்காரர் எழுந்து வெளியே போனார், அதன் பிறகு அவர் என் கேசட்டை அடிக்கவே இல்லை. நன்றியுரை சொன்னவர் என் பெயரை விட்டுவிட்டு மற்ற எல்லாருக்கும் நன்றி சொன்னார். ஆனாலும் சொன்ன ஒரு வார்த்தையைக்கூடத் திரும்ப எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை, இன்றைக்கும் இல்லை.

கறிபாப்புக்கு நாங்கள் நிற்கவில்லை. அப்பா முன்னே நடந்தார், நான் கித்தாரைத் தூக்கிக்கொண்டு பின்னே. சத்தம் போடுவார் என்று காத்திருந்தேன். போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், அதற்கான வார்த்தைகளை எல்லாம் தயாராக வைத்திருந்தேன். பஸ் ஸ்டாப்புக்கு வந்தபோது பிங்க் மினிபஸ் ஒன்று நிற்காமல் போனது. அப்பா கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டார்.

"சர்ச்சுல என்னம்மா சொல்றது?" என்றார்.

"லவ் பாட்டுன்னு சொல்லுங்கப்பா."

அப்பா ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, கடையில் வாங்கிய சாமானில் குறை கண்டவர் மாதிரி மெதுவாக ஆரம்பித்தார்.

"லவ் பாட்டுன்னா அந்த ரெண்டாவது பாட்டு ரொம்ப இழுக்குதும்மா. சாமி பாட்டுன்னு நெனச்சு நான் ஒண்ணும் சொல்லல. எவ்வளவு நேரம் அந்த ஒரே வரி வருது?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மேடையில் அந்த இளைஞர் சொன்னதும் இதுதான், அங்கே எனக்கு வாய் வரவில்லை.

"இழுக்கத்தான்பா செய்யும்," என்றேன். "அவரு வரவே இல்லையே."

அப்பா என் பக்கம் திரும்பினார். அன்றைக்கு அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். கித்தாரை என் கையிலிருந்து வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, "அப்ப இருக்கட்டும்," என்றார்.