முதல் பருப்பு மூக்காயிக்கு

கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரி வறுக்கிறவர்களில் மலையாண்டிக்கு நிகர் மலையாண்டிதான். மூணாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட மனுசன், ஒரே ஒரு தகரச் சட்டியில் தொடங்கி ஊரே பேர் சொல்கிற மாதிரி கொட்டகை போட்டார். தொட்டது எதுவும் தோற்றதில்லை. மனைவி மூக்காயி சாப்பிட மறுத்த இடத்தில்தான் கைகட்டி நிற்க வேண்டியதாயிற்று.

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றியதிலிருந்து அவளுக்குச் சோற்றைக் கண்டாலே ஆகவில்லை. எடை நாற்பது கிலோவுக்குக் கீழே போனால் அடுத்த மருந்து ஏற்ற முடியாது என்றுவிட்டார் டாக்டர் கலைமதி. வாடை ஆகாதோ என்று மலையாண்டி அடுப்பை அணைத்துக் கொட்டகையைப் பூட்டினார். பருப்பைப் பாலாக அரைத்து ஊட்டினார். இரண்டு மடக்கு, அவ்வளவுதான், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பசிங்கறது வயித்துல மட்டும் இல்லீங்கய்யா," என்றார் டாக்டர், மறுபடி வந்து நின்ற மலையாண்டியிடம். "கஞ்சா குடிச்சவனுக்கு அகோரமாப் பசிக்கும்ல? அது மாதிரி ஒரு சரக்கு நம்ம ஒடம்புலயே ஊறுது. வாசனையைத் தூக்கிக் காட்டுறது, சாப்பிடத் தூண்டுறது, தின்னதைக் கொழுப்பாச் சேத்து வைக்கிறது, எல்லாத்துலயும் அதுக்குப் பங்கு இருக்கு."

"எம் பொண்டாட்டி ஒடம்புல கஞ்சாவா? வெத்தலையக்கூடத் தொடாதவ, டாக்டரம்மா!"

டாக்டர் சிரித்துவிட்டார். "எல்லார் ஒடம்புலயும்தான், ஒங்களுக்கும் இருக்கு. அதுக்காகக் கஞ்சாவை வாங்கிக் குடுத்துராதீங்க! குமட்டலுக்கு மாத்திரை தர்றேன். அவங்களுக்கு எந்த வாசனை பிடிக்கும்னு பாருங்க."

பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. முப்பது வருசமாக ஒவ்வொரு வறுவலிலும் முதல் பருப்பை வாயில் போட்டுப் பதம் சொல்கிறவள் மூக்காயி. அவள் தலையாட்டாமல் ஒரு மூட்டை வெளியே போனதில்லை. அந்த வாசனையையல்லவா பூட்டிவிட்டோம்!

மறுநாள் காலை, புகை அண்டாதபடி தோப்புக் கோடியில் தானே வறுத்து உடைத்து, சூடு ஆறுமுன் துணியில் பொதிந்து கொண்டுவந்தார். கட்டிலில் கிடந்தவள் மூக்கை உறிஞ்சினாள்.

"யாரு வறுத்தது?"

"நாந்தான். இந்த வட்டாரத்துல வேற எவன் இருக்கான்?"

"பீத்திக்காதீங்க. இங்கிட்டுக் கொண்டாங்க."

ஒன்றை மெதுவாக மென்றாள். "ஓரம் கருகிப்போச்சு. நடுவுல பச்சையா இருக்கு."

"அப்ப நல்லா இல்லையா புள்ள?"

"ஒண்ண வச்சு எப்படிச் சொல்றது? இன்னொண்ணு குடுங்க."

ஆறாவது பருப்புக்குப் பிறகு, "கஞ்சி இருக்கா?" என்றாள்.

அடுப்படிக்கு ஓடிய மலையாண்டி, நாளைக்கும் கொஞ்சம் பதம் தவறித்தான் வறுக்க வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டார்.