பலகைத் தரைக்கு ஊற்றிய தண்ணீர்

கோடை மதியத்தில் பிளாஸ்டிக் பலகைத் தரையில் வெறுங்காலை வைத்துப் பார்க்காதவர்கள் அது அழகாக இருக்கிறது என்று என்னிடம் சொல்ல வேண்டாம். எங்கள் சித்தப்பாவும் அழகு என்றுதான் சொன்னார்.

அவர் விடியற்கால ரயிலில் பெங்களூருக்குப் போய், பணக்கார வீட்டு பால்கனிகளில் அந்தப் பலகையைப் பொருத்திவிட்டு வருவார். மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் கலந்து அழுத்திச் செய்தது. பார்த்தால் தேக்கு. வெயில் பட்டால் தோசைக்கல். அங்கே வேண்டாம் என்று ஒதுக்கிய துண்டுகளை நாலு நாலாகக் கட்டி ரயிலில் கொண்டுவந்தார். "இன்னாப்பா, டெய்லி கதவு தூக்கினு வர, வீடு எங்க கீது?" என்று கூட வருகிறவர்கள் கேலி செய்வார்களாம்.

வீடு இருந்தது. சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்த லைன் வீடு. ஒரு அறை, ஒரு சமையலறை. அதற்குள் அப்பா, அம்மா, நான், சித்தப்பா. சுவரை ஒட்டிக் கிடந்த காலி இடத்தில் இரும்புச் சட்டம் அடித்து, அதன்மேல் பலகைகளைத் திருகி, நாலு மூலையிலும் கம்பம் நட்டார். சுவரும் கூரையும் பிறகு வரும் என்றார்.

எனக்கு அது கப்பல். சாயங்காலம் பலகை ஆறியதும் குப்புறப் படுத்துக்கொள்வேன். எதிரே சுரங்கத்துக் கழிவு மண் மேடுகள் வெளுத்துப்போய் நிற்கும். கண்ணைப் பாதி மூடினால் அவை அசையும். கப்பல்தான் நகர்கிறது என்று நினைத்துக்கொள்வேன். எந்த ஊருக்கு என்று யோசித்ததில்லை. போனால் போதும்.

சித்தப்பாவுக்குப் பேத்தமங்களாவில் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: என் மகள் எங்கே இருப்பாள்? "தனி ரூம் கீது மாமா" என்று சொல்லிவிட்டார் சித்தப்பா. அந்த ரூமைப் பார்க்க அவர்கள் வருகிறார்கள். பிடித்தால் கல்யாணம், இல்லையென்றால் இல்லை. ஒன்பது வயதில் எனக்கு வேறு எது தெரியாவிட்டாலும் ஒட்டுக்கேட்கத் தெரியும்.

வந்ததோ சித்திரை மாத மதியம். நல்ல நேரமாம். எவன் குறித்துக் கொடுத்தானோ. பலகையைச் செய்தவன் வீட்டுக்குள்ளும் செருப்போடு நடக்கிறவனாக இருப்பான். எங்கள் ஊரில் சம்பந்தம் பேச வருகிறவர்கள் செருப்பை வாசலிலேயே விட்டுவிடுவார்கள். சித்தப்பாவுக்கு இது அன்று காலையில்தான் உறைத்தது.

"பாப்பா, அவங்க தெருமுனைல வரும்போது நாலு சொம்பு ஊத்தி ஈரக் கோணியப் போடு. ஏறும்போது சுருட்டிடு. முன்னாடியே ஊத்தாத, இன்னா?" என்று சொல்லிவிட்டு ராபர்ட்சன்பேட்டைக்கு ஜாங்கிரி வாங்க ஓடினார். அப்பா அவர்களை அழைத்துவர பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார். அம்மா பஜ்ஜிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள்.

நாலு சொம்பில் நன்றாக இருக்கும் என்றால் நாற்பது சொம்பில் இன்னும் நன்றாக இருக்காதா? பத்து மணிக்கே ஆரம்பித்துவிட்டேன். முதல் சொம்பு பட்டதும் பலகை ஸ்ஸ் என்றது. மெல்லிய ஆவி எழுந்தது. நனைந்த இடம் கறுத்து, ஓரத்திலிருந்து உலர்ந்துகொண்டே வந்து, தீவு போலச் சுருங்கி, இல்லாமல் போனது. மறுபடி ஊற்றினேன். வேறு தீவு. வெயில், ஆவி, சூடேறிய மரத்தூளின் வாசனை. யாரோ தூரத்தில் கூப்பிடுவது போலிருந்தது, யாரும் கூப்பிடவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. சொம்பு தண்ணீர் டிரம்மின் அடியில் இடித்தபோதுதான் விழித்தேன். வாரத்துக்கு ஒருமுறை வருகிற தண்ணீர். நாலு நாள் பாக்கி இருந்தது.

கோணியை நனைக்கவும் சொட்டு இல்லை. அவர்கள் வந்துவிட்டார்கள்.

பெண்ணின் அப்பா கம்பீரமாக ஏறினார். ஏறிய வேகத்தில் குதித்தார். "இன்னா சம்மந்தி, பேச கூப்டீங்களா, தீ மிதிக்க கூப்டீங்களா?"

அம்மா சொம்போடு டிரம்முக்கு ஓடினாள். வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுக்காத வீடு எங்கள் பக்கம் வீடே இல்லை. டிரம்மைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்.

பெண்ணின் அம்மா சுவர் நிழலில் நின்று கம்பங்களை மேலும் கீழும் பார்த்தார். "ரூமு எங்க தம்பி?"

ஜாங்கிரிப் பெட்டியோடு வந்து நின்ற சித்தப்பா பெட்டியின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். பெரியவர்களுக்குப் பேச்சு வராதபோது நான் பேசிவிடுவேன்.

"இதான் ரூமு. சித்தப்பாவும் சித்தியும் இங்கதான் படுப்பாங்க. நான்தான் காலைலேர்ந்து தண்ணி ஊத்தி ஆற வெச்சேன்."

அப்பா தரையைப் பார்த்தார். பெண்ணின் அப்பா செருப்பைத் தேடினார்.

பெண்ணின் அம்மா மட்டும் குனிந்து, பலகையில் உள்ளங்கையை வைத்து எடுத்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இது எத்தினி மணிக்கு கண்ணு ஆறும்?"

"வெளக்கு வெச்சா ஜில்லுனு ஆயிடும். நான் படுத்து பாத்துக்கீறேன்."

தண்ணீரோடு வந்த அம்மா சொம்பைப் பிடித்தபடி சிரித்தாள். பெண்ணின் அம்மாவும் சிரித்தார். பிறகு புருஷனைப் பார்த்துத் திரும்பினார். "எங்க கெளம்பிட்டீங்க? உங்க வூட்ல நான் வந்தப்போ எட்டு பேரு. நடுவுல ஒரு பொடவதான் செவுரு. அந்தப் பக்கம் உங்கம்மா இருமினே இருப்பாங்க. இங்க நாலு கம்பமாவது கீது. ஒக்காருங்க."

பெண்ணின் அப்பா காய்ந்த கோணியை மடித்துப் போட்டு உட்கார்ந்தார். "செவுரு எழுப்பிட்டு தேதி சொல்லுங்க" என்றார்.

நான் தண்ணீர் ஊற்றியதால்தான் சம்மதித்தார்கள் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆவணியில் கல்யாணம் நடந்தது. அதற்குள் பலகையைச் சுற்றிலும் தகரம் அடித்து, மேலே ஷீட் போட்டு, கதவும் வைத்தாகிவிட்டது. கல்யாணத்தன்று சாயங்காலம் என் தலையணையை எடுத்துக்கொண்டு உள்ளே போகப் பார்த்தேன். அம்மா கையைப் பிடித்து இழுத்தாள். தண்ணீர் ஊற்றியவள் நான், எனக்கே இடமில்லையா என்று கத்தினேன். வீட்டில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். புதுச் சித்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

பத்து நாள் அவளோடு பேசவில்லை. ஒரு சொம்பு தண்ணீர்கூட ஊற்றாதவளுக்கு முழு இடத்தையும் கொடுத்துவிட்டு, இவர்களால் எப்படிச் சிரிக்க முடிகிறது என்று எனக்கு விளங்கவே இல்லை.